ஊருணி: சொல்லும் நீரும்

ஊருணி என்னும் சொல் ஊரார் உண்ணும் நீர்நிலையைக் குறிப்பது. திருவள்ளுவரும் இச்சொல்லை ஆண்டுள்ளார். பாண்டிநாட்டில் பாசனத்திற்குரியது கண்மாய் எனவும், பருகுதற்குரியது ஊருணி எனவும் வழங்கின. இவ்வேறுபாடு வெறும் சொல்வழக்கன்று. நீரின் தூய்மை பேணிய ஒரு முறையைக் காட்டுவது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் கரிசல் மிகுதி. வைப்பாறு மழைக்காலத்தன்றிப் பெருகுவதில்லை. கிணறுகள் பல உவர்நீர் தருவன. ஆதலின் மழைநீரைத் தேக்கிய ஊருணியே உயிர்நிலையாயிற்று. அதனுள் குளித்தலையும் துவைத்தலையும் கால்நடை இறக்குதலையும் விலக்கினர். உண்ணும் நீரையும் பிற நீரையும் பிரித்தலே முன்னோர் கண்ட நெறி.

எனினும், பெயரில் ஊர் அடங்கியதேயன்றி, ஊரார் அனைவரும் அடங்கினாரல்லர். சாதியால் ஒதுக்கப்பட்டோர் பிறர் வார்க்கும் நீருக்குக் காத்து நின்றனர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு பொதுக்கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் இவ்வேற்றுமையை விலக்கியது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதனைத் தண்டனைக்குரியதாக்கியது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. பின்னர்த் தாமிரபரணி நீரும் குழாய்வழி இம்மாவட்டத்திற்கு வந்தது.

இந்நிலையில் புதியதோர் இடர் தோன்றிற்று. பட்டாசுத் தொழிலிற் பயன்படும் பெர்குளோரேட்டு நீரில் எளிதிற் கரைவது. தைராய்டுச் சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுப்பது. 2013இல் அச்சேறிய ஆய்வொன்று, சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடிநீர் மாதிரிகளுள் 17இல் இப்பொருள் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்னும் அமெரிக்க வழிகாட்டு அளவை மிஞ்சியதாகக் கண்டது. ஆய்ந்த குழாய்நீர் மாதிரிகள் மூன்றில் அது மிகக் குறைவே. ஆகவே, குழாய் எட்டாத இல்லத்தார்க்கே இவ்விடர் மிகுதி என்பது பெறப்படும்.

காய்ச்சுதலும் மணலில் வடித்தலும் இதனை நீக்கா. எதிர்ச்சவ்வூடு பரவல் நீக்கும். ஆயின் நீக்கிய நஞ்சு செறிந்த கழிநீராய் எஞ்சும். அதனை அந்நிலத்திலேயே விடுவது நஞ்சை மீண்டும் நிலத்தடிக்கு அனுப்புவதேயாம். கிணற்றருகே தோண்டும் கழிப்பறைக் குழிக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆகவே, புதிய கருவி எதுவாயினும் அதனிடம் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: நீர் யார்க்கெல்லாம் எட்டுகிறது? கழிவு எங்கே செல்கிறது? முதல் வினாவிற்குப் பழைய ஊருணி விடை கூறவில்லை, இரண்டாவதற்குக் கூறியது. இரண்டிற்கும் விடை தரும் நீர்நிலையே அப்பெயர்க்கு முற்றும் உரியதாகும்.