காற்றும் மண்ணெண்ணெயும்

கருவி மாறினால் வாழ்வு மாறும் என்பது வரலாறு கற்பிக்கும் பாடம். ஆயின், அம்மாற்றத்தின் பயன் யார் கையைச் சேர்ந்தது என்று கேட்காதவரை அது அரைகுறைப் பாடமே. மன்னார்த் தீவின் கரைகளில் வள்ளங்களின் பின்னணியத்திலே மாட்டப்பட்டிருக்கும் சிறிய வெளியிணைப்பு இயந்திரம் இக்கேள்வியை நம்மிடம் எழுப்புகின்றது.

இயந்திரம் வருவதற்கு முன் இக்கடலின் எசமான் காற்று. மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல்கள் உண்டு: வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை வீசும்போது நிலைமை தலைகீழாகும். பேசாலையும் தலைமன்னாரும் பள்ளிமுனையும் தம் தொழிற்காலத்தை இந்தக் காற்றுகளைக் கொண்டே கணித்தன. அரிப்புக் கரையின் முத்துக்குளிப்பும் அவ்வாறே நடந்தது. நள்ளிரவில் தரைக்காற்றிற் பாய் விரித்துச் சென்ற தோணிகள், பிற்பகலில் எழும் கடற்காற்றிற் கரை திரும்பின. மூச்சை அடக்கிக் குளித்தவனும் தோணி வலித்தவனும் எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே அவர்களுக்கு. மிகுதி இரண்டு பங்கும் ஆங்கில அரசுக்கு. காற்று இலவசந்தான். ஆனால் காற்றின் பயன் அன்றும் உழைத்தவனுக்கு முழுமையாகக் கிட்டவில்லை.

அப்போது உலகின் மறுபுறத்தில், நோர்வேயிற் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்ற தொழிலாளி, படகின் பின்புறத்தில் மாட்டவும் கழற்றவும் கூடியதோர் இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1909இல் அது விற்பனைக்கு வந்தது. அதன் வலு ஒன்றரைக் குதிரைத்திறன். இத்தகைய இயந்திரத்தை அவருக்கு முன்பே சிலர் செய்து பார்த்திருந்தனர். எனினும் அதனை உலகெங்கும் பரவச் செய்த பெருமையில் பெரும்பங்கு அவருக்குரியது. செல்வர் நாடுகளில் அது ஏரியில் உலாப் போவோரின் விளையாட்டுப் பொருளாயிற்று. நம் கரைக்கு அது வந்த வழி வேறு.

சுதந்திரத்துக்குப் பின், 1950களில், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் துணையுடன் இலங்கை அரசு மீன்பிடியை இயந்திரமயமாக்க முற்பட்டது. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் தவணைக் கடனில் இயந்திரப் படகுகள் வழங்கப்பட்டன. கண்ணாடி நார் வள்ளங்களும் வெளியிணைப்பு இயந்திரங்களும் அடுத்து வந்தன. யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து 1956இல் நோர்வே சென்ற அன்ரனி இராஜேந்திரம் அங்குள்ள மக்களின் உதவியைத் திரட்ட, அம்முயற்சி 'மாளு-மீன்' என்ற பெயரில் அமைப்பாயிற்று. சிங்களச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் கைகோத்த பெயர் அது! அதன் வழி வந்த சீநோர் நிறுவனம் காரைநகரிற் படகு கட்டியது. குருநகரில் வலை பின்னியது.

இயந்திரம் மீனவனைக் காற்றின் அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தது. இதனை எவரும் மறுக்க முடியாது. தொலைக்கடல் அண்மைக் கடலாயிற்று. பிடித்த மீன் கெடுமுன் கரை சேர்ந்தது. ஆனால், காற்றுக்கு விலையில்லை. எரிபொருளுக்கு விலை உண்டு. பிடித்த மீனின் பெறுமதியில் எண்ணெய்ச் செலவைக் கழித்த பின்னரே பங்கு பிரிப்பது வழக்கமாயிற்று. எண்ணெய்க்கும் இயந்திரத்துக்கும் கடன் கொடுத்த வியாபாரி, மீனின் விலையைத் தானே தீர்மானித்தான். கடலில் விடுதலை பெற்றவன் கரையில் கட்டுண்டான்.

அந்தக் கட்டைத் தளர்த்தும் முயற்சியே இயந்திரத்தைத் தன் கைக்கேற்ப மாற்றும் கலையாகும். பெற்றோல் விலை கூடியது. ஏழையின் விளக்கெண்ணெயாகிய மண்ணெண்ணெயோ மானியத்தால் மலிவாயிருந்தது. எனவே பெற்றோலுக்கென வார்க்கப்பட்ட பழைய இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டும். இது எளிதன்று. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அழுத்தம் மிகுந்தால் உரிய கணத்துக்கு முன்பே வெடித்து உந்துதண்டைத் தாக்கும். ஆதலால் சிலிண்டரின் தலைக்கும் உடலுக்கும் இடையே தடித்த தகடு வைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காபரேற்றருக்கு இரு தாங்கிகளிலிருந்து குழாய் பொருத்த வேண்டும். பெற்றோலில் முடுக்கி, இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். கரை நெருங்குகையில் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். மறந்தால் மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓயும். இவ்வளவு செய்தும் வலுவிற் சிறிது குறையும். பிளக்கிற் கரி படியும். புகை கண்ணை எரிக்கும். பின்னர் யப்பானிய நிறுவனங்களே மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களைச் செய்து நம்மைப் போன்ற நாடுகளுக்கு அனுப்பலாயின.

நீரைத் தள்ளும் விசிறியிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. அதன் இலைகள் மிகச் சாய்ந்திருந்தால் வெறும் வள்ளம் பறக்கும். வலையும் ஐஸ்கட்டியும் மீனும் ஏறிய வள்ளத்திலோ இயந்திரம் திணறி எண்ணெயைக் குடிக்கும். சாய்வு குறைந்த விசிறி வேகத்தை விட்டுக்கொடுத்துச் சுமையை இழுக்கும். இயந்திரத்தை மிகத் தாழ்த்தி மாட்டினால் நீர் பின்னிழுக்கும். மிக உயர்த்தினால் விசிறி காற்றை விழுங்கி வீணே சுழலும். பழைய இயந்திரங்களில் விசிறியைத் தண்டோடு இணைப்பது ஒரு மெல்லிய ஆணி. ஆதாம் பாலத்தின் மணற்றிட்டுகளில் விசிறி மோதும்போது அந்த ஆணி முறியும், பற்சக்கரம் தப்பும். அடிக்கடி முறிகிறதே என்று வலிய இரும்பாணியை இட்டவன் பற்சக்கரத்தையே இழப்பான். பொறியியற் கல்லூரியின் படி மிதியாத கைகள் கடலிடம் கற்ற அறிவு இது. இதனை அறிவென்று ஏற்க நம் கல்வியுலகம் ஏன் தயங்குகின்றது? கடற்றொழிலைத் தாழ்ந்த தொழிலென்று எண்ணும் பழைய நோய் நம்முள் இன்னும் இருப்பதாலன்றோ?

போர்க்காலம் இக்கருவிக்கு வேறு பொருள் தந்தது. கடலுக்குத் தடை, நேரத்துக்குத் தடை, இயந்திரத்தின் வலுவுக்கும் தடை. எண்ணெய் மறுக்கப்பட்ட வடபுலத்தில், பழைய ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. கடற்கரை அறிந்திருந்த வித்தையைத் தரையும் கற்றுக்கொண்டது. இராமேசுவரக் கரைக்குத் தமிழ் அகதிகளை ஏற்றிச் சென்றவையும் இவ்வியந்திரம் பூட்டிய படகுகளே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் பலர் படகேறியே கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். இவ்விரு பயணங்களில் ஒன்றை நினைந்து மற்றொன்றை மறப்பது வரலாறாகாது.

2009இல் போர் முடிந்தது. மீனவனின் இடர் முடியவில்லை. பாக்கு நீரிணையில் அவனது சிறு இயந்திரத்தின் எதிரே, நூறு குதிரைத்திறனையும் தாண்டும் தமிழக இழுவைப் படகுகள் வருகின்றன. அவை கடலடியை வாரிச் செல்கின்றன. அவன் விரித்த வலையையும் அறுத்துச் செல்கின்றன. அடிமட்ட இழுவைமடியை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது; ஆனால் சட்டத்தின் எழுத்து கடலில் தானாக ஓடுவதில்லை. அப்படகுகளிற் கூலிக்கு உழைப்போரும் ஏழைத் தமிழரே என்பது இத்துயரை இன்னும் சிக்கலாக்குகின்றது. பின்னர் 2022 ஓகஸ்டில், ஒரே நாளில், ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. தடித்த தகடும் இரட்டைத் தாங்கியும் தேடித் தந்த சிக்கனமெல்லாம் ஓர் அறிவித்தலிற் கரைந்தது. அவ்வாண்டில் மீண்டும் மக்கள் தலைமன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்குப் படகேறினர். இம்முறை துரத்தியது துப்பாக்கியன்று, பசி.

இந்த வரலாறு உணர்த்துவது என்ன? ஒரு மனிதனின் கைத்திறன் இயந்திரத்தைத் திருத்தலாம். எண்ணெயின் விலையையும் கடனின் நிபந்தனையையும் அது தனித்து நின்று திருத்த முடியாது. அதற்குக் கூட்டு வலு வேண்டும். எண்ணெயை ஒன்றாக வாங்கி, மீனை ஒன்றாக விற்று, கடனைத் தம்முள்ளே வழங்கிக்கொள்ளும் கூட்டுறவு, பெயர்ப்பலகையில் மட்டுமன்றிச் செயலிலும் எழவேண்டும். அது தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒருங்கே அமரும் கூட்டுறவாக வேண்டும். இழுவைமடியின் அழிவைப் பாக்கு நீரிணையின் இருகரைத் தொழிலாளரும் ஒரே மேசையிற் பேசித் தீர்க்கவேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. உள்ளெரி இயந்திரத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாடத்தை முடித்துவிடாமல், மாணவரைக் கரைக்கு அழைத்துச் செல்வோம். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கைகளிடம் கேட்டு எழுதட்டும்: இயந்திரத்தை எவ்வாறு மாற்றினீர்கள்? ஏன் மாற்றினீர்கள்? மாற்றியும் கடன் ஏன் தீரவில்லை? முதற் கேள்விக்கான விடை விஞ்ஞானம். ஏனைய இரண்டுக்குமான விடை வரலாறு. மூன்றையும் சேர்த்துக் கற்ற தலைமுறையே அந்த வள்ளத்தின் திசையை மாற்றும்.