இணைகேடயச் சுரப்பியைத் தேடிய வரலாறு

கழுத்திலுள்ள கேடயச் சுரப்பியின் பின்புறத்தே அரிசியளவில் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டியுள்ளன. இவற்றை இணைகேடயச் சுரப்பிகள் என்பர். பாராதைராய்டு என்பது மருத்துவர் வழங்கும் பெயர். குருதியில் சுண்ணாம்புச் சத்தைச் சமன்செய்வதே இவற்றின் தொழில். இவற்றுள் ஒன்று கட்டியாகி மிகையாகச் சுரக்குமாயின், எலும்பிலுள்ள சுண்ணாம்பு குருதியில் இறங்கும். எலும்பு எளிதில் முறியும். சிறுநீரகத்தில் கல் சேரும்.

இச்சுரப்பியை அறிஞருக்கு முதலிற் காட்டியது நம் இந்திய நாட்டுக் காண்டாமிருகம் ஒன்று என்பது வியப்பே! 1834இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலை சேர்ந்த அவ்விலங்கு 1849இல் இறந்தது. அதன் உடலை அறுத்தாய்ந்த ரிச்சர்டு ஓவன், மஞ்சள் நிறச் சிறு சுரப்பி ஒன்றைக் கண்டு, அடுத்த ஆண்டே சான்றோர் அவையில் கட்டுரை படித்தார். மனிதரிடத்தும் அஃதுண்டெனத் தெளிவாக நிறுவியவர் சுவீடன் நாட்டு உப்சாலாவில் பயின்ற ஐவர் சாண்ட்ஸ்திரோம். 1880இல் தம் தாய்மொழியில் அவர் வெளியிட்ட ஆய்வை அன்று பொருட்படுத்தியோர் மிகச் சிலர். தாய்மொழியில் எழுதும் அறிஞர்க்கு நேரும் இந்நிலை தமிழர்க்குப் புதிதன்று.

நோயை நீக்கியது 1925இல் வியன்னா நகரில். எலும்பு நைந்து நடக்கவியலாத டிராம் வண்டி நடத்துநர் ஒருவருக்கு, சுரப்பி போதாமையே நோய் எனக் கருதி, பெலிக்ஸ் மாண்டல் வேறு சுரப்பியை ஒட்டவைத்தார். பயனில்லை. பின்னர்க் கழுத்தைத் திறந்து கட்டியை அகற்றவே நோயாளி தேறினார். கருதியதற்கு நேர்மாறானதே உண்மையாயிற்று. எனினும் சில ஆண்டுகளில் நோய் மீண்டது.

கட்டி எங்கிருக்கிறதென்று அறிவதே பெரும்பாடு. அமெரிக்கக் கப்பற்றலைவர் சார்லஸ் மார்ட்டெல் 1926 முதல் 1932 வரை ஏழுமுறை அறுவைக்கு உட்பட்டார். ஏழாவதில்தான் கட்டி அகப்பட்டது, கழுத்திலன்று, மார்புக்குள்! சில வாரங்களில் அவர் சிறுநீரகக் கல்லின் தொல்லையால் மாண்டார்.

இன்றைய சிறுவெட்டு முறைக்கு வழிவகுத்தது, கத்தி வைக்குமுன்பே கட்டியின் இடத்தைக் காட்டும் கதிரியக்கப் படமேயாகும். நான்கு சுரப்பிகளையும் தேடிக் கழுத்தை அகலத் திறந்த இடத்தில் இன்று ஓரிரு அங்குல வெட்டுப் போதும். அச்சுரப்புநீர் குருதியில் சில நிமிடங்களே தங்குவதால், கட்டி நீங்கிய பத்து நிமிடத்தில் அதன் அளவு பாதிக்குமேல் குறைகிறதா என்று மேசையிலேயே சோதிப்பர். ஆயினும் சிறுநீரகம் பழுதாகி நெடுநாள் குருதிச் சுத்திகரிப்பில் இருப்போர்க்கு நான்கு சுரப்பிகளுமே பருப்பதுண்டு. அவர்க்கு இச்சிறுவெட்டுப் பொருந்தாது. பழைய அகன்ற முறையே வேண்டும்.