வருடத்துக்கு ஒரு டாலர் சம்பளம்

ஒருவர் 45 சீசன் ஒரே வேலையைப் பார்க்கிறார். அந்த வேலையில் நாட்டிலேயே அவருக்கு நிகராக யாரும் இல்லை. ஆனால் அவர் வாங்கிய சம்பளம் வருடத்துக்கு ஒரே ஒரு டாலர்! கேட்டால் கதை விடுவது போல இருக்கும். அமெரிக்காவின் கல்லூரி பேஸ்பால் உலகில் இது நிஜமாகவே நடந்தது. அந்த மனிதர் ராட் டீடோ. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின், சுருக்கமாக யு.எஸ்.சி.யின், பயிற்சியாளர்.

பேஸ்பால் நம் ஊரில் அதிகம் தெரியாத ஆட்டம். கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். பந்து வீசுபவர் பிட்சர். ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பேர் அவுட் ஆகும் வரை ஆடலாம். அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டியின் பெயர் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

டீடோ 1914இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். யு.எஸ்.சி.யிலேயே படித்து, அதே கல்லூரி அணிக்கு ஆடி, கேப்டனாகவும் இருந்தார். 1935இல் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பெரிய தொழில்முறை அணியில் இடம் கிடைத்தது. அப்போது அதன் மேனேஜர் கேஸி ஸ்டெங்கல். பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் அணியோடு சாம்பியன் பட்டங்களைக் குவித்த அதே ஸ்டெங்கல்தான். டீடோ அங்கே ஆடியது மொத்தம் இரண்டே ஆட்டங்கள். அதற்குப் பிறகு கீழ்மட்ட லீகுகளில் ஆடியபோது முதுகில் பட்ட அடி, பெரிய ஆட்டக்காரர் ஆகும் கனவை முடித்துவைத்தது. வயது இருபத்தைந்தைக் கூடத் தாண்டவில்லை.

இந்த இடத்தில் பலர் ஆட்டத்தை விட்டே போயிருப்பார்கள். டீடோ கையிலிருந்த 500 டாலரைப் போட்டு ஒரு லாரிக் கம்பெனி ஆரம்பித்தார். பெயர் டார்ட். அது வளர்ந்து பல மில்லியன் டாலர் தொழிலாக மாறியது. பயிற்சியாளராக இருந்த காலம் முழுவதும் அந்தத் தொழிலையும் அவர் விடவில்லை.

பயிற்சியாளர் பதவி வந்தது ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான். 1942இல் யு.எஸ்.சி.யின் பயிற்சியாளர் சாம் பாரி இரண்டாம் உலகப் போருக்காகக் கடற்படையில் சேர, அவர் இடத்துக்கு அவருடைய பழைய மாணவரான டீடோ வந்தார். போர் முடிந்து பாரி திரும்பியதும் வழக்கமாக என்ன நடக்கும்? பொறுப்பாக வந்தவர் விலகிக்கொள்வார். இங்கே அப்படி நடக்கவில்லை. இருவரும் சேர்ந்தே அணியை நடத்தினார்கள். 1948இல் யு.எஸ்.சி.க்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது. இறுதியில் தோற்றது யேல் பல்கலைக்கழகம். அந்த யேல் அணியின் கேப்டன் யார் தெரியுமா? பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்! 1950இல் பாரி இறந்த பிறகு முழுப் பொறுப்பும் டீடோவுக்கு வந்தது.

அதன் பிறகு 1958, 1961, 1963, 1968 என்று பட்டங்கள் வந்தன. 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து வருடம் யு.எஸ்.சி.தான் சாம்பியன். கல்லூரி ஆட்டக்காரர்கள் மூன்று நான்கு வருடத்தில் வெளியேறிவிடுவார்கள் என்பதை யோசித்தால் இதன் கஷ்டம் புரியும். முதல் பட்டத்தை வென்ற அணி வேறு, ஐந்தாவது பட்டத்தை வென்ற அணி வேறு. மாறாமல் இருந்தவர் பயிற்சியாளர் மட்டுமே. 1978 பட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் 11.

இதில் 1973 அரையிறுதியை இன்றும் பேசுகிறார்கள். எதிரணி மினசோட்டா. பிட்சர் டேவ் வின்ஃபீல்ட், பிற்காலத்தில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர். கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது மினசோட்டா 7, யு.எஸ்.சி. 0. எல்லாம் முடிந்தது என்றுதான் மைதானத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த ஒரே இன்னிங்ஸில் யு.எஸ்.சி. 8 ரன் எடுத்து 8-7 என்று ஜெயித்தது!

டீடோ எல்லோரையும் 'டைகர்' என்றுதான் கூப்பிடுவார். விளையாட்டுத்தனமாகப் பேசுவார், ஆனால் ஆட்டத்தில் கவனக்குறைவை மட்டும் பொறுக்கமாட்டார். ஒரே தவறை இரண்டாவது முறை செய்யாதே என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் சொன்னது, அந்தத் தவறை முதல் முறையே செய்யாதே என்பது. டாம் சீவர், ஃப்ரெட் லின், ராண்டி ஜான்சன், மார்க் மெக்வயர் என்று அவரிடம் ஆடிப் பெரிய நட்சத்திரங்களானவர்கள் பலர். சீவர் வந்தபோது உடனே ஸ்காலர்ஷிப் கொடுத்துவிடவில்லை. 1964 கோடையில் அலாஸ்காவுக்கு அனுப்பி, அங்கே ஒரு அணியில் ஆடித் தகுதியைக் காட்டச் சொன்னார். காட்டிய பிறகுதான் இடம் கிடைத்தது.

ஒலிம்பிக்கில் பேஸ்பால் இடம்பெற வேண்டும் என்பதும் அவர் ஆசை. 1964 டோக்கியோவில் கண்காட்சி ஆட்டமாக நடந்தபோது அமெரிக்க அணியை அழைத்துப்போனார். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் மறுபடியும் அவரே பயிற்சியாளர். இறுதி ஆட்டத்தில் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஜப்பானிடம் 3-6 என்று தோற்றார். பதக்கத்துக்கான ஆட்டமாக பேஸ்பால் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1992இல்.

இனி அந்த ஒரு டாலர் விஷயத்துக்கு வருவோம். 45 சீசனுக்குக் கணக்குப் போட்டால் மொத்தச் சம்பளம் 45 டாலர். இதை ஒரு பெரிய தியாகமாக மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். வீட்டுச் செலவை லாரிக் கம்பெனி பார்த்துக்கொண்டது. சம்பளத்துக்காகக் கல்லூரி நிர்வாகத்திடம் கைகட்டி நிற்க வேண்டிய நிலைமை அவருக்கு இல்லை. மேஜர் லீக் அணிகளிலிருந்து அழைப்பு வந்தபோதும் பணம் அவரை இழுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு சங்கடமும் உண்டு. கம்பெனி இல்லாத பயிற்சியாளர் என்ன செய்வார்? ஒரு டாலருக்கு வேலை பார்க்க எல்லோராலும் முடியாது, பார்க்கச் சொல்வதும் நியாயமில்லை. டீடோவின் வழி மற்றவர்களுக்கு உதாரணமாகாது.

ஆனாலும் அவர் செய்ததை அது குறைத்துவிடாது. தொழிலில் ஜெயித்தவர்கள் அதிலிருந்து என்னென்னவோ வாங்குவார்கள். பெரிய வீடு, படகு, குதிரை... டீடோ வாங்கியது மத்தியான நேரங்களை. அந்த நேரத்தில் மைதானத்துக்குப் போய், இருபது வயதுப் பையன்களோடு நின்று, தன்னால் தொடர முடியாமல் போன ஆட்டத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கடைசி வருடங்களில் பட்டங்கள் வரவில்லை. 1986இல் 1,332 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். பின்னால் வந்தவர்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக் மார்ட்டின் 2019இல் விடைபெற்றபோது 2,029 வெற்றிகள் வைத்திருந்தார். ஆனால் மார்ட்டினுக்குத் தேசியப் பட்டம் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. டீடோவின் 11 பட்டங்களை எந்தப் பயிற்சியாளரும் நெருங்கவில்லை.

2006 ஜனவரி 5 அன்று, 91 வயதில் டீடோ காலமானார். அவருக்குப் பிறகு அணியை ஏற்றவர் மைக் கில்லெஸ்பி. 1961இல் டீடோவிடம் ஆடிப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். 1998இல் யு.எஸ்.சி.க்கு 12வது பட்டத்தை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். சாம் பாரியிடம் படித்தவர் டீடோ, டீடோவிடம் படித்தவர் கில்லெஸ்பி. 12 பட்டங்களும் இந்த மூவர் காலத்தில் வந்தவை.