சித்தூர்க் கள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத் தோப்புகளில் இறக்கப்படும் தென்னங்கள். பொள்ளாச்சியை ஒட்டிய கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் வட்டாரத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்களில் இத்தொழில் வேரூன்றியிருக்கிறது. இங்கு இறங்கும் கள், கலால் துறையின் அனுமதிச் சீட்டுடன் நாள்தோறும் வண்டியேறிப் பிற மாவட்டக் கடைகளுக்கும் போகிறது.

தொழிலின் நுட்பமெல்லாம் பாளையில்தான். விரியாத பாளையை இறுகக் கட்டி, தினமும் சீராகத் தட்டிப் பதப்படுத்துவார்கள். பிறகு நுனியை மெல்லச் சீவிக் கலயம் கட்டுவார்கள். ஓங்கித் தட்டினால் பாளை கன்றிவிடும், தட்டு போதாவிட்டால் சாறு ஊறாது. அந்த அளவு பல ஆண்டுப் பழக்கத்தில் கைக்கு வருவது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு பதநீராக நிற்கும். தடவாவிட்டால் இயற்கையான ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே சர்க்கரையை நொதிக்கச் செய்யும். ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை ஏறும். நாள்பட்டால் காடியாகிவிடும். ஆப்ப மாவைப் புளிக்கவைப்பதும் இதே கள்தான்.

இடுக்கி மலைப்பகுதியில் கூந்தற்பனையிலிருந்தும் கள் இறக்குவதுண்டு. மலையாளத்தில் அது சூண்டப்பனை. உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிக் குலை தள்ளி, பூத்து முடிந்ததும் பட்டுப்போகும் மரம் அது.

கேரளம் 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்தைத் தடைசெய்தது, கள்ளை விட்டுவைத்தது. கள்ளுத் தொழிலாளர் நல நிதிக்கு அங்கே 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லைக்கு மேற்கே உரிமம் பெற்ற தொழில், கிழக்கே குற்றம். எதிர்ப்புக் குரல் கேரளத்துக்குள்ளும் உண்டு: கள்ளிறக்குவோர் மிகுந்த ஈழவர் சமூகத்தில் பிறந்த நாராயண குருவே இத்தொழிலைக் கைவிடச் சொன்னார். குடி குலைத்த குடும்பங்களைக் கண்டவர் சொல் அது. மரபைப் போற்றுவோரும் அதைத் தள்ளிவிட முடியாது.

பழத்தையும் மரத்தையும் நம்பிய மதுக்கள் பிற இடங்களில் பண்பாட்டுச் சொத்தாக மதிக்கப்படுகின்றன. பல்கேரியக் குடும்பங்கள் பிளம், திராட்சையிலிருந்து ராக்கியா வடிக்கின்றன. செர்பியாவின் பிளம் மதுவான ஷ்லிவோவிட்சா மரபை யுனெஸ்கோ 2022-இல் பட்டியலில் சேர்த்தது. கோவாவின் முந்திரிப்பழ ஃபெனி 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாளை சீவும் கலை இவற்றுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அதன் பெயரைக் கெடுப்பது கள்ளில் ஸ்பிரிட் கலக்கும் வணிகம். மரமேறிகள் குறைந்துவருவதும் இத்தொழிலை நலிவுறச் செய்கிறது. மூத்த தொழிலாளர்களின் செய்முறையை வேளாண் பல்கலைக்கழகங்களும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் இப்போதே பதிவுசெய்ய வேண்டும்.