ஸ்காண்டிநேவிய வரவேற்பறை: சோஃபாவும் அதைச் சுற்றிய அலங்காரமும்

ஸ்காண்டிநேவிய வரவேற்பறை என்பது டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய நாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற வீட்டு அலங்கார மரபு. வெளிர் நிறச் சுவர், ரேகை தெரியும் மரம், கம்பளியும் லினனும், தாழ்வாக வைத்த பல சிறு விளக்குகள், இவற்றின் நடுவே கால்கள் தெரிய நிற்கும் ஒரு சோஃபா ஆகியவை இதன் அடையாளங்கள். பின்லாந்து ஸ்காண்டிநேவியாவில் சேராது என்பார்கள். ஆனாலும் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோவையும், அவர் மற்றவர்களோடு சேர்ந்து 1935இல் தொடங்கிய ஆர்டெக் நிறுவனத்தையும் விட்டுவிட்டு இம்மரபைப் பேச முடியாது.

பெயரும் பின்னணியும்

நாம் வரவேற்பறை என்று சொல்லும்போது வரும் விருந்தாளி மனத்தில் இருக்கிறார். சுவீடிய மொழியில் இதே அறைக்கு ‘வார்டாக்ஸ்ரூம்’ என்று பெயர். ‘சாதாரண நாளுக்கான அறை’ என்று பொருள். இந்த ஒரு சொல்லில் மரபின் சாரம் முழுவதும் இருக்கிறது.

அதற்கு முன் இருந்தது ‘ஃபின்ரூம்’, அதாவது சிறப்பு அறை. நல்ல சோஃபா, நல்ல திரைச்சீலை, நல்ல விளக்கு எல்லாம் அதற்குள்தான். பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் மட்டுமே கதவு திறக்கும். ஓரிரு அறைகளே கொண்ட தொழிலாளர் வீடுகளில்கூட ஓர் அறையை இப்படி ஒதுக்கிவிட்டு, குடும்பம் சமையலறையில் நெருக்கியடித்துப் படுத்தது. கிராமத்து வீடுகளின் சமையலறையில் இருந்த மரச் சோஃபா பகலில் இருக்கை. இரவில் அதன் அடிப்பெட்டியை வெளியே இழுத்தால் படுக்கை.

இந்தப் பழக்கத்துக்கு எதிராகப் பேசியவர்கள் பலர். 1899இல் ‘எல்லோருக்கும் அழகு’ என்ற நூலை வெளியிட்ட சுவீடிய எழுத்தாளர் எல்லன் கே, எளிய வீட்டுக்கும் அழகு உரியது என்றார். அதே ஆண்டில் ஓவியர் கார்ல் லார்சன் சுவீடனின் சுண்ட்போர்னில் இருந்த தம் வீட்டை நீர்வண்ணத்தில் தீட்டி ‘ஒரு வீடு’ என்ற நூலாக்கினார். அந்த ஓவியங்களில் காணும் துணிகளை நெய்தும் தைத்தும் அறைகளுக்கு உருக்கொடுத்தவர் அவர் மனைவி கரின். அவருக்குரிய புகழ் வெகு காலம் கழித்தே வந்து சேர்ந்தது. 1919இல் கலை வரலாற்றாளர் கிரெகோர் பால்சன் ‘இன்னும் அழகான அன்றாடப் பொருள்’ என்பதைத் தம் நூலின் தலைப்பாகவே வைத்தார். 1930ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் கண்காட்சி, சிறிய, வெளிச்சமான, எல்லா நாளும் புழங்கும் வீடு எப்படியிருக்கும் என்று மக்களுக்கு நேரில் காட்டியது.

சோஃபா

டேனிய அறைகலனில் அளவெடுப்பதைக் கற்பித்தவர் கோரே கிளிண்ட். கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் 1924இல் அறைகலன் வகுப்பைத் தொடங்கிய அவர், மனித உடலின் அளவிலிருந்து நாற்காலியையும் மேஜையையும் வகுத்தார். அவருடைய மாணவர் பேர்கே மோகன்சன் 1942 முதல் 1950 வரை நுகர்வோர் கூட்டுறவு அமைப்பான எஃப்.டி.பி.யின் அறைகலன் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். சம்பளக்காரர்கள் வாங்கக்கூடிய விலையில் நல்ல அறைகலன் செய்வதே அங்கு வேலை.

மோகன்சன் 1945இல் வடிவமைத்த ஆரச்சட்டச் சோஃபாவை இம்மரபின் சிறந்த உதாரணமாகச் சொல்லலாம். முதுகுப் பக்கத்தில் மெத்தை மூடிய பலகை கிடையாது. கடைந்தெடுத்த மெல்லிய மரக் கம்பிகள் மட்டும் ஏணிப்படி போல வரிசையாக நிற்கின்றன. திண்டுகள் தனித்தனி. ஒரு பக்கத்துக் கைச்சாய்வு தோல்வாரில் கட்டப்பட்டிருக்கும். வாரைத் தளர்த்தினால் அது சரிந்து கால்நீட்டிப் படுக்க இடம் தரும். பின்புறமும் பார்க்க அழகாக இருப்பதால் இதைச் சுவரோடு ஒட்ட வேண்டியதில்லை. வெளிவந்த காலத்தில் இது எடுபடவில்லை. 1963இல்தான் பரவலான தயாரிப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தம் வீட்டுக்காக அவர் வரைந்த, நேர்கோடுகளாலான 2213 என்ற தோல் சோஃபாவும் இன்றுவரை தயாராகிறது.

இன்னொரு டேனிய வடிவமைப்பாளரான ஃபின் யூல் வேறு வழியில் போனார். அவருடைய 1941ஆம் ஆண்டின் ‘கவிஞர் சோஃபா’ இருவர் உட்காரும் சிறிய இருக்கை. முதுகு வளைந்து உட்காருபவரை அணைத்துக்கொள்ளும்.

வெளிச்சமும் அமைப்பும்

ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதப் பகல் சுமார் 6 மணி நேரம். நார்வேயின் டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. வெள்ளைச் சுவரின் காரணம் இதுதான்: வந்து சேரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அது அறைக்குள் திருப்பி அனுப்புகிறது. சன்னலில் கனத்த திரை தொங்காததும், சோஃபாவின் அடியில் தரை தெரிவதும் அதே கணக்குதான்.

இரவு வெளிச்சத்துக்கு உச்சியில் ஒற்றை விளக்கு போதாது என்பது இங்கே பொது விதி. சோஃபா அருகே ஒரு நிற்கும் விளக்கு, மூலையில் ஒன்று, சன்னல் திட்டில் ஒன்று என மஞ்சள் சாயலுள்ள ஒளி பிரிந்து நிற்கும். சிறுவயதில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் வளர்ந்த டேனிய வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சனுக்கு மின்குமிழின் கண்கூசும் ஒளி பிடிக்கவில்லை. 1920களின் நடுவில் அவர் உருவாக்கிய மூன்று அடுக்கு மூடி கொண்ட விளக்கு, குமிழைக் கண்ணிலிருந்து மறைத்து ஒளியை மட்டும் கீழே அனுப்பியது.

சோஃபாவின் முன்கால்களாவது கம்பளத்தின் மேல் நிற்க வேண்டும். அப்போதுதான் எதிரிலுள்ள நாற்காலியும் அதுவும் ஒரே வட்டத்தில் சேரும். டீப்பாய் கைக்கெட்டும் தூரத்தில், ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளி இருந்தால் போதும். உறைத்துணிக்குக் கம்பளி மிக ஏற்றது. டேனிய வடிவமைப்பாளர் நானா டிட்செல் 1965இல் வடிவமைத்த ஹாலிங்டால் துணியில் 70 விழுக்காடு கம்பளி, 30 விழுக்காடு விஸ்கோஸ். உழைப்பைக் கம்பளி தருகிறது, நிறத்தின் பொலிவை விஸ்கோஸ் தருகிறது.

மரத்துக்கு வார்னிஷ் பூசாமல் சோப்பு போடுவது டென்மார்க்கில் பழைய வழக்கம். சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்து, துணியில் தோய்த்து, ரேகையின் போக்கிலேயே தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுவார்கள். காய்ந்த ஓக் மரம் சற்றே வெளுத்து, தொட்டால் மழமழவென்று இருக்கும். அவ்வப்போது மறுபடியும் போட வேண்டும். போடப்போட மரம் மெருகேறும்.

நிறம் பற்றிய தவறான எண்ணம்

எல்லாமே வெள்ளையும் சாம்பலுமாக இருந்தால்தான் ஸ்காண்டிநேவியப் பாணி என்று விளம்பரப் படங்கள் பழக்கிவிட்டன. இது சரியான புரிதல் இல்லை. யூத எதிர்ப்பு வலுத்த வியன்னாவை விட்டு 1933இல் சுவீடனுக்கு வந்த கட்டடக் கலைஞர் யோசப் ஃபிராங்க், எஸ்ட்ரிட் எரிக்சனின் ஸ்வென்ஸ்க்ட் டென் கடைக்காகப் பூவும் பறவையும் கொடியும் நிறைந்த துணிகளை வரைந்து குவித்தார். வெறுமையான பரப்பைவிட வேலைப்பாடுள்ள பரப்பே கண்ணுக்கு அமைதி தரும் என்பது அவர் கருத்து. சுவர் வெளிராக இருக்கும்போது சோஃபாவுக்கு அடர்ந்த நீலமோ செங்காவியோ தாராளமாகப் பொருந்தும்.

சுண்ட்போர்னில் லார்சன் தம்பதியின் வீடும், கோபன்ஹேகனுக்கு வடக்கே ஓர்ட்ரூப்கோர் அருங்காட்சியகத்தை ஒட்டி ஃபின் யூல் தமக்காகக் கட்டிக்கொண்ட வீடும் இன்று பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. அந்தப் பக்கங்களுக்குப் போகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.