படத்துக்கு இல்லாத இடக்கரடக்கல்

நன்னூல் படித்தவர்கள் இடக்கரடக்கல் என்ற சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். பலர் கூடிய அவையிலே வெளிப்படையாகச் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதல் அது. கால் கழுவி வந்தான் என்கிறோம். வெளிக்குப் போனான் என்கிறோம். கேட்பவர் பொருளை விளங்கிக்கொள்கிறார். ஒருவர் முகமும் சுளிப்பதில்லை. நமது இலக்கண ஆசிரியர்கள் இதனைப் பொய்யென்று தள்ளவில்லை. தகுதி வழக்கு என்று பெயரிட்டு மொழியின் ஒழுங்குகளில் ஒன்றாகவே வைத்தார்கள். தொல்காப்பியரும் அவையல் கிளவி பற்றிச் சொல்லியிருக்கிறார். எனவே இது நேற்று வந்த நாணம் அன்று.

இந்த இலக்கணத்தைத் துணையாகக் கொண்டு அமெரிக்காவிலே 2011ஆம் ஆண்டு நடந்த ஒரு புத்தக விவகாரத்தை இன்று நோக்குவோம்.

பிரென்டன் பவல் ஸ்மித் என்ற அமெரிக்கர், பிள்ளைகள் அடுக்கி விளையாடும் லெகோ பிளாஸ்டிக் கட்டைகளாலும் பொம்மைகளாலும் வேதாகமக் கதைகளைக் காட்சி காட்சியாக அமைத்துப் புகைப்படம் எடுத்து வந்தார். 2001இல் இணையத்தில் தொடங்கிய முயற்சி அது. 2003இல் ஆதியாகமக் கதைகள் நூலாயின. 2011இன் பிற்பகுதியில் பழைய ஏற்பாட்டுக் கதைகளைக் கொண்ட பெரிய தொகுதி 'தி பிரிக் பைபிள்' என்ற பெயரில் ஸ்கைஹோர்ஸ் என்ற பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. கட்டைகளைச் செய்யும் டென்மார்க் கொம்பனிக்கும் இந்நூலுக்கும் தொடர்பில்லை. ஸ்மித் தம்மை வேடிக்கையாக 'வணக்கத்துக்குரிய' என்ற அடைமொழியோடு அழைத்துக்கொண்டாலும் அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர்; கடவுள் நம்பிக்கை உள்ளவருமல்லர்.

நூலை விற்பனைக்கு எடுத்த கடைகளுள் ஒன்று, வோல்மார்ட் நிறுவனத்தின் கிளையான சாம்ஸ் கிளப். ஆண்டுச் சந்தா கட்டிய அங்கத்தவர்கள் மாவும் சீனியும் தொலைக்காட்சிப் பெட்டியும் மொத்தமாக வாங்கிச்செல்லும் பெருங் களஞ்சியக் கடை அது. 2011 நவெம்பரில் அக்கடை நூலைத் தன் தட்டுகளிலிருந்து எடுத்துவிட்டது. பிள்ளைகளின் நூல் என்று தோன்றும் ஒன்றில் வயது வந்தோருக்குரிய விடயங்கள் இருக்கின்றன என வாடிக்கையாளர் முறைப்பாடு செய்தமையே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆசிரியரோ, பாலுறவு தொடர்பான படங்களைப் பதிப்பகத்தார் கேட்டதற்கிணங்க அச்சுக்கு முன்பே நீக்கிவிட்டதாகவும், நூலில் இருப்பதெல்லாம் வேதாகமத்தில் உள்ளதே என்றும் கூறினார்.

ஆசிரியர் சொன்னது உண்மைதான். ஆதியாகமத்தில் லோத்தின் புதல்வியர் கதை உண்டு. நியாயாதிபதிகள் ஆகமத்தின் 19ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு அன்றிரவு நிம்மதியாக உறங்குவது கடினம். நகரங்களை வேரோடு அழித்த போர்கள் யோசுவாவின் ஆகமத்தில் வருகின்றன. இந்த வசனங்களை உடைய வேதாகமம் எத்தனையோ வீடுகளில் மேசைமேல் இருக்கிறது. ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. அவ்வசனங்களுக்குப் பொம்மை பிடித்துக் காட்டியவுடன் முறைப்பாடு எழுந்தது. ஏன்?

வசனத்துக்கு இடக்கரடக்கல் உண்டு. படத்துக்கு இல்லை என்பதே எனது விடை.

எபிரேய மொழியைப் பாருங்கள். கணவன் மனைவி கூடுதலை அம்மொழி 'அறிதல்' என்ற சொல்லாற் குறிக்கிறது. ஆதாம் ஏவாளை அறிந்தான் என்றால் அவள் கருவுற்றாள் என்பது அடுத்த செய்தி. தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று நம்மவருக்கு மிகுந்த வியப்பைத் தருவது. சவுல் அரசன் குகையொன்றிலே மலங்கழிக்க ஒதுங்கியதைச் சாமுவேலின் முதலாம் ஆகமம் 'கால்களை மூட' எனக் குறிக்கிறது. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதனை மாற்றாமல் வைத்திருக்கிறது. காலைக் கழுவும் தமிழனும் காலை மூடும் எபிரேயனும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்யவில்லை; நாணம் இருவருக்கும் காலையே காட்டிக்கொடுத்திருக்கிறது! பழைய தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் 'மலஜலாதி' என்று பச்சையாகவே சொல்லிவிட்டுப் போகிறது. வடசொல்லே போதிய திரை என்று மொழிபெயர்த்தவர்கள் நினைத்திருக்கலாம்.

யூத அறிஞர்கள் இதற்கும் மேலே ஒரு படி சென்றார்கள். மூலத்தில் சில இடங்களில் கொச்சையான சொற்கள் உண்டு. திருமறையின் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்பது அவர்களது விதி. ஆனால் சபையிலே பெண்களும் பிள்ளைகளும் கேட்க வாய்விட்டு வாசிக்கவும் வேண்டுமே. எழுதப்பட்டதை எழுதியபடி விட்டார்கள். வாசிக்கும்போது அதற்குப் பதிலாக மென்மையான சொல்லை வாசிக்க வேண்டும் என்று விதித்தார்கள். எழுத்துக்குக் கெத்தீவ் என்றும் வாசிப்புக்குக் கெரே என்றும் பெயர். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. நூலும் சிதையவில்லை, சபையும் கூசவில்லை.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத சட்ட நூல் கூறும் ஏற்பாடு இதனினும் நுட்பமானது. அக்காலப் பொதுமக்களுக்கு எபிரேயம் விளங்காது. ஆதலால் தொழுகைக் கூடத்தில் எபிரேயத்தில் வாசித்ததை ஒருவர் அரமேய மொழியில் உடனுக்குடன் பெயர்த்துச் சொல்வார். ரூபன் தன் தந்தையின் மறுமனையாட்டியோடு கூடிய செய்தியை வாசிக்கலாம், ஆனால் மொழிபெயர்க்கலாகாது என்கிறது மிஷ்னா. கற்றவனுக்கு விளங்கும், மற்றவனுக்கு ஓசை மட்டும் கேட்கும். கல்லாதவனை இருளில் வைத்ததாக இதை நாம் குறை கூறலாம். ஆனாலும் மொழிபெயர்ப்பு என்பது பொருளை எல்லார் கண்முன்னும் கொண்டுவந்து நிறுத்தும் செயல் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். படம் வரைவது அதே செயலின் அடுத்த படி. எசேக்கியேல் ஆகமத்தின் தொடக்கத்தையும் முடிவையும் முப்பது வயதுக்கு முன் யூதர் படிப்பதில்லை என்று வேதாகமத்தை இலத்தீனில் தந்த ஜெரோம் எழுதியிருப்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம்.

நாணம் அளவு கடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. 1828இல் ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டர், 1833இல் வேதாகமத்தைத் தாமே திருத்தி அச்சிட்டார். குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கக் கூசும் சொற்களை அகற்றுவது அவரது நோக்கங்களுள் ஒன்று. நாற்றத்தைக் குறிக்கும் சொல்லையும், கருப்பை என்னும் சொல்லையுங்கூட அவர் பல இடங்களில் விட்டுவைக்கவில்லை. ஒரு மொழியின் சொற்களையெல்லாம் தேடித் தொகுத்த மனிதர், ஐந்தாண்டு கழித்து அவற்றுள் சிலவற்றைக் கண்டு அஞ்சினார்! அகராதி நிலைத்தது. திருத்திய வேதாகமத்தை இன்று ஆராய்ச்சியாளரே தேடிப் பார்க்கிறார்கள்.

படங்களின் கதைக்கு வருவோம். 1572இல் இலண்டனில் அரச அச்சாளரான றிச்சர்ட் ஜக் அச்சிட்ட 'ஆயர்கள் வேதாகமம்' என்ற பெரிய பதிப்பில் எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் முதலெழுத்தைச் சித்திரம் சூழ்ந்திருந்தது. அச்சித்திரமோ, கிரேக்கப் புராணத்தில் அன்னமாக வந்த தேவன் லேடா என்ற பெண்ணைக் கூடும் காட்சி. மரத்தில் செதுக்கிய எழுத்துக் கட்டைகள் விலை கூடியவை. ஒரு நூலுக்குச் செய்ததை இன்னொரு நூலுக்கும் எடுத்தாள்வது அச்சகத்தார் வழக்கம். ஒவிட் என்ற உரோமக் கவிஞரின் புராணக் கதைகளுக்குச் செதுக்கிய கட்டை திருமறைக்குள் புகுந்துவிட்டது. அந்தப் பதிப்புக்கு 'லேடா பைபிள்' என்ற பெயரும் ஏற்பட்டுவிட்டது. நிருபத்தின் வசனங்கள் எல்லாம் ஒழுங்காகவே இருக்க, ஓர் எழுத்தின் அலங்காரம் நூலுக்கே பெயராயிற்று. படத்தின் வலிமை அத்தகையது.

உரோமாபுரியில் மைக்கலாஞ்சலோ 1541இல் முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் வரலாறு பலரும் அறிந்தது. திருச்சபைச் சங்கம் 1563இல் படங்கள் பற்றி விதி செய்தபின், டானியேலே ட வொல்தெர்ரா என்ற ஓவியர் 1565இல் ஆடையில்லாத உருவங்களுக்குத் துணி வரைந்தார். பாவம், அவரும் தகுதியுள்ள கலைஞரே. 'காற்சட்டை தைப்பவர்' என்ற பட்டப்பெயர்தான் அவருக்கு மிஞ்சியது.

அப்படியானால் 1866இல் வெளிவந்த குஸ்தாவ் டொரேயின் சித்திர வேதாகமம் எவ்வாறு வீட்டு மண்டபங்களிலே மரியாதையாக இருந்தது? ஊழிவெள்ளத்தில் பாறையைப் பற்றித் தவிக்கும் ஆடையற்ற உடல்களை அவர் வரைந்திருக்கிறார். ஆனால் கனத்த இரண்டு தொகுதிகள். கறுப்பு வெள்ளைச் செதுக்கோவியம். நாடகம் போன்ற பெருமிதம். அந்நூலைக் கையில் எடுப்பவர் விளையாட்டாக எடுப்பதில்லை. பார்ப்பவருக்கும் உடலுக்கும் நடுவே கலை என்ற திரையொன்று தொங்கியது. லெகோ பொம்மைக்கு அத்திரை இல்லை. அதன் உயரம் நான்கு சென்ரிமீற்றர். முகத்தில் பல வேளை புன்னகை. அது வாளை ஓங்கும்போதும் சிரிக்கக்கூடும். பெற்றார் திடுக்கிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர்களை மூடர் என்று எள்ளியவர்கள் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகள் முன்னே நின்று பாடஞ் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். திருக்குறளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் தமிழாசிரியர் அறத்துப்பாலில் தொடங்குகிறார். காமத்துப்பாலுக்கு உரிய வயது வரும்வரை பொறுக்கிறார். ஆனால் மூன்றாம் பால் ஒன்று உண்டு என்பதை அவர் மறைப்பதில்லை.

பெற்றாரின் முறைப்பாட்டுக்கு வேறொரு வழியும் இருந்தது. 2009இல் ரொபேர்ட் கிரம்ப் என்ற சித்திரக்காரர் ஆதியாகமத்தின் ஐம்பது அதிகாரங்களையும் ஒன்றும் விடாமல் படக்கதையாக வரைந்து வெளியிட்டார். ஸ்மித்தின் நூலைவிட அது எவ்வளவோ வெளிப்படையானது. ஆனால் சிறுவர்கள் இதனைப் பெரியோர் துணையோடு படிக்கவேண்டும் என்ற அறிவிப்பை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். வாங்குபவர் என்ன வாங்குகிறார் என்பதை அறிந்தே வாங்கினார். அட்டையில் ஒரு வரி, அல்லது சிறுவர் பகுதியிலிருந்து நூலை எடுத்து இன்னொரு தட்டில் வைத்தல்: இவ்வளவே தேவைப்பட்டது. யூதரின் கெரே போன்ற ஏற்பாடு.

சாம்ஸ் கிளப் அதைச் செய்யவில்லை. தான் விரும்பிய பொருளை விற்கவும் விரும்பாததை விற்காமல் விடவும் கடைக்காரருக்கு உரிமை உண்டு, மறுக்கமுடியாது. ஆயினும் ஊருக்குப் பொதுவான கடையாக வளர்ந்துவிட்ட ஒரு நிறுவனத்தின் தட்டு, சிறு வணிகரின் தட்டைப் போன்றதன்று. புத்தகக்கடை இல்லாத ஊரிலே களஞ்சியக் கடையில் கிடைப்பதே புத்தகம். அங்கே இல்லாததை மக்கள் தேடுவதுமில்லை, இல்லையென்று அறிவதுமில்லை. அடுத்த பதிப்பாளரும் இதனைக் கவனிக்கிறார். அச்சுக்கு முன்பே படங்களை நீக்கியதாக ஆசிரியர் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். நீக்கியும் பயன் கிடைக்கவில்லை என்று கண்ட பதிப்பகம், மறுமுறை அப்படியொரு நூலை எடுக்கவே தயங்கும்.

அரசாங்கத்தின் கை நீளும்போது நடப்பது வேறு. ஹொங்கொங்கில் 2007ஆம் ஆண்டு பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையொன்றின் பாலியல் பகுதி அநாகரிகமானது எனத் தீர்க்கப்பட்டபோது, அப்படியானால் வேதாகமமும் அவ்வாறே என ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதிகாரிகளுக்கு முறைப்பாடு அனுப்பினார்கள். முறைப்பாடு ஏற்கப்பட்டிருந்தால் அந்நகரச் சட்டப்படி வேதாகமத்தை உறையிட்டு, எச்சரிக்கை ஒட்டி, பதினெட்டு வயது நிரம்பியோருக்கு மட்டும் விற்கவேண்டி வந்திருக்கும். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். மறுப்புக்குக் காரணமும் சொன்னார்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2022இல் பாடசாலை நூல்கள் பற்றிச் சட்டமொன்று வந்தது. அதன்கீழ் பல நூல்கள் நீக்கப்படுவதைக் கண்ட பெற்றார் ஒருவர், அதே அளவுகோலால் வேதாகமத்தையும் அளக்குமாறு கேட்டார். டேவிஸ் கல்வி மாவட்டத்தின் குழு அளந்து பார்த்தது. வன்முறையும் கொச்சையும் உண்டெனக் கூறி, ஆரம்ப, இடைநிலைப் பாடசாலை நூலகங்களிலிருந்து வேதாகமத்தை எடுத்தது. எதிர்ப்பு எழுந்தது; மேன்முறையீடு செய்தார்கள்; 2023 யூன் 20ஆம் திகதி கல்விச் சபை கூடி ஏகமனதாக நூலைத் திரும்ப வைத்தது. இந்த முறை படமே இல்லை, வெறும் வசனந்தான் என்பதைக் கவனிக்கவேண்டும். இடக்கரடக்கலைச் சட்டத்தின் மொழியில் பெயர்த்தால் அதுவும் படம்போல் ஆகிவிடுகிறது.

யூட்டாவில் முறைப்பாட்டுக்கு ஒரு குழு இருந்தது, முடிவுக்கு ஒரு நாள் இருந்தது, முடிவை எதிர்த்துச் செல்ல ஒரு வாசல் இருந்தது. 2011 நவெம்பரில் அந்தக் களஞ்சியக் கடையில் நூலின் இடத்தில் வேறொரு பொருள் வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. ஸ்மித் தம் கட்டைகளை மீண்டும் அடுக்கினார். 2012இல் புதிய ஏற்பாட்டுத் தொகுதியை அதே பதிப்பகம் வெளியிட்டது.