சிலந்திப் பட்டு ஏன் தொழிலாகவில்லை?

பிரான்சின் மான்பெல்லியே நகரில் 1709-ல் பிரான்சுவா சேவியர் போன் என்பவர் சிலந்திகளின் முட்டைப் பைகளைத் திரட்டி, அந்த நூலில் காலுறையும் கையுறையும் செய்து காட்டினார். பட்டுக்கு மாற்று கிடைத்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. அதை ஆராய்ந்த இயற்கை அறிஞர் ரியோமூர் அந்த நம்பிக்கையைக் கலைத்தார். ஒரே கூண்டில் விட்ட சிலந்திகள் ஒன்றையொன்று தின்றன. பிரித்து வளர்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனி இடமும் பூச்சி இரையும் வேண்டும். பட்டுப்புழுவுக்கோ மல்பெரி இலை போதும். இத்தொழிலைத் தோற்கடித்தது நூலின் தரமல்ல, அதைச் சுரக்கும் உயிரின் வேட்டைக் குணமே என்பேன்.

நல்ல கருவி இல்லாததுதான் காரணம் என்று வாதிடலாம். கருவியும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மடகாஸ்கரில் கம்புவே என்ற பாதிரியார் பொன்னிற இழை விடும் பெரிய சிலந்திகளின் உடலிலிருந்தே நூலை இழுக்க வழி கண்டார். முட்டைப் பை நூலை விட இது மேலானது; சிலந்தி தன்னைத் தாங்கித் தொங்கும் இழை இது, வேறு சுரப்பியிலிருந்து வருவது. 2009-ல் அதே முறையைப் பின்பற்றி அதே தீவில் சைமன் பியர்ஸும் நிக்கலஸ் காட்லியும் ஒரு துணி நெய்வித்தார்கள். அதற்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகள் தேவைப்பட்டன. அவற்றை யாரும் வளர்க்கவில்லை. வெளியில் பிடித்து, இழை எடுத்ததும் விட்டுவிட்டார்கள். கூடி வாழும் சிலந்திகளும் உண்டே என்று கேட்கலாம். இந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் அப்படி ஓர் இனம் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டில் வாழ்கிறது. ஆனால் அது சிறியது. அதன் வலை நீள இழையாகப் பிரிக்க முடியாத பஞ்சுச் சிக்கல்.